தமிழ்ல சயின்ஸ் பாட்காஸ்ட்: கேள்வி புடிக்கறதுல இருந்து பதில் திரும்பி வர்ற வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

பீச்ல இருந்து தாம்பரம் போற எலக்ட்ரிக் ட்ரெயின்ல தினமும் போய்ட்டு வர்றவங்க யார்கிட்டயாவது கேட்டு பாருங்க, குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷனுக்கு ஏன் தாம்பரம் சானடோரியம்னு பேருன்னு. நான் கேட்டவங்கள்ல பாதிக்கு மேல தெரியல, வருஷக்கணக்கா அங்கயே எறங்கி ஏறறவங்களுக்கே தெரியல. அங்க ஒரு டிபி ஆஸ்பத்திரி இருக்கு. டிபிக்கு சரியான மருந்து இல்லாத காலத்துல நோயாளிய குடும்பத்துல இருந்து பிரிச்சு மாசக்கணக்குல தங்க வெச்சு, நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வுன்னு பாத்துக்கற இடத்துக்குதான் சானடோரியம்னு பேரு. இன்னைக்கு டிபி வந்த பெரும்பாலானவங்க வீட்லயே இருந்து மாத்திரை சாப்பிடறாங்க. நடுவுல என்ன நடந்துச்சு?

நடுவுல நடந்தது நம்ம சேத்துப்பட்டுல நடந்துச்சு. 1956ல அங்க ஒரு டிபி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அன்னைக்கு இருந்த மெட்ராஸ் அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாலு பேரும் சேந்து. அவங்க கேட்ட கேள்வி ரொம்ப சிம்பிள்: நோயாளிங்க இவ்ளோ பேரு, பெட்டு இவ்ளோதான், அப்போ வீட்லயே வெச்சு வைத்தியம் பாத்தா என்ன? குலுக்கல் மாதிரி பிரிச்சு ஒரு பாதிய சானடோரியத்துல வெச்சாங்க, இன்னொரு பாதிய அவங்கவங்க வீட்லயே விட்டாங்க, ரெண்டு பக்கமும் அதே மருந்து, ஒரு வருஷம். வீட்ல இருந்தவங்க நெரிசலான வீட்ல, சானடோரியம் அளவுக்கு சாப்பாடு இல்லாம இருந்தவங்க, ஆனாலும் ரிசல்ட் கிட்டத்தட்ட ஒண்ணாவே வந்துச்சு. 1959ல அது பேப்பரா வந்து உலகம் பூரா டிபி வைத்தியத்தையே மாத்துச்சு. அந்த மையம்தான் இன்னைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நான் பண்ற சின்ன தமிழ் பாட்காஸ்ட்ல இதுக்கு முன்னாடி நாலு எபிசோடு போட்டிருந்தேன், கருந்துளை, குவாண்டம்னு. கேட்டவங்க எல்லாம் சூப்பர்னு சொல்லிட்டு போய்ட்டாங்க, அவ்ளோதான். சானடோரியம் எபிசோடு போட்ட அன்னைக்கு ராத்திரி எங்க மாமா போன் பண்ணி, அவரோட பாட்டிய சின்ன வயசுல எங்கயோ கொண்டு போய் விட்டாங்க, அது இந்த இடம்தானான்னு கேட்டாரு. ஒரு கேள்வி திரும்பி வந்துச்சு. மக்கள ஆராய்ச்சி பக்கம் கொண்டு வர்றதுன்னா நான் புரிஞ்சுக்கிட்டது இதத்தான், நம்ம பேசினதுக்கு அப்பறம் எதிர் பக்கத்துல இருந்து கேள்வி வரணும், அந்த கேள்வி ஆராய்ச்சி பண்றவங்க காது வரைக்கும் போகணும். கீழ சொல்ற எல்லா ஸ்டெப்பும் அதுக்காகத்தான்.

ஏன் ஆடியோ

நம்ம ஊர்ல காது வழியா அறிவியல் போறது ஒண்ணும் புதுசு இல்ல. 1960கள்ல தஞ்சாவூர் பக்கம் ஏடிடி 27னு ஒரு புது நெல் ரகம் வந்துச்சு, அத ரேடியோல சொல்லி சொல்லியே விவசாயிங்க கிட்ட சேத்தாங்க, ஜனங்க அதுக்கு வெச்ச பேரே ரேடியோ நெல்லு. 2004 பிப்ரவரில அண்ணா யுனிவர்சிட்டில கேம்பஸ் கம்யூனிட்டி ரேடியோ ஆரம்பிச்சாங்க, நாட்டுலயே முதல், அதே மாசம்தான் லண்டன்ல ஒரு பத்திரிகை கட்டுரைல பாட்காஸ்ட்ங்கற வார்த்தையே முதல்முதலா அச்சுல வந்துச்சு. அதுக்கப்பறம் இங்கிலீஷ்ல வந்த 952 சயின்ஸ் பாட்காஸ்ட்ட எடுத்து அலசின ஒரு ஆய்வு 2019ல வந்துச்சு, 2010 வரைக்கும் சீரா ஏறின எண்ணிக்கை அதுக்கப்பறம் மடமடன்னு ஏறிருக்குன்னு அதுல காட்டுனாங்க. அது இங்கிலீஷ் கணக்கு. தமிழ்ல இன்னும் எவ்வளவோ இடம் காலியா கெடக்கு.

இன்னொரு காரணம், ஆராய்ச்சி பேப்பர் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு, எழுத்துத் தமிழ்ல மாத்துனா படிக்கறதுக்கு பாடப்புத்தகம் மாதிரி ஆயிடுது. பேசற தமிழ்ல சொன்னா பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்கலாம், பஸ்ல நின்னுக்கிட்டே கேக்கலாம். அதுவும் அந்த ஆராய்ச்சி பண்ணவங்களே, சேலத்து பேச்சோ நாகர்கோவில் பேச்சோ, அவங்க வீட்டு தமிழ்ல பேசி கேட்டா, ஓ இவங்களும் நம்மள மாதிரிதான்னு ஒரு நெருக்கம் வருது பாருங்க, அத படம் போட்டு வரவழைக்க முடியாது.

முதல் வேலை: ஒரு ஆள மனசுல வெச்சுக்கோங்க

எல்லாருக்கும்னு ஆரம்பிச்சா யாருக்கும் போய் சேராது. எனக்கு நான் வெச்சிருக்கற ஆளு எங்க தெரு மெடிக்கல் ஷாப்ல வேலை செய்யற அக்கா. பிளஸ் டூ வரைக்கும் படிச்சவங்க, வாட்ஸப்ல வர்ற ஹெல்த் மெசேஜ் எல்லாம் பாத்து குழம்பறவங்க, ஆனா செம்ம புத்திசாலி. ஸ்கிரிப்ட் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் அந்த அக்கா என்ன கேப்பாங்கன்னு யோசிப்பேன். உங்களுக்கு அது பத்தாவது படிக்கற தம்பியா இருக்கலாம், காசிமேட்டுல போட் வெச்சிருக்கற அண்ணனா இருக்கலாம். யாரா இருந்தாலும் சரி, நெஜமா உங்களுக்கு தெரிஞ்ச ஆளா இருக்கணும், ஏன்னா எபிசோட வெளிய விடறதுக்கு முன்னாடி அவங்க கிட்ட போட்டு காட்டணும்.

ரெண்டாவது: தலைப்ப தேடாதீங்க, கேள்விய தேடுங்க

நெறைய பேரு இங்கதான் தப்பு பண்றாங்க, நானும் பண்ணேன். காலநிலை மாற்றம், மரபணு, செயற்கை நுண்ணறிவுன்னு பெரிய பெரிய தலைப்பா எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுவாங்க. அதுக்கு பதிலா ஊர்ல ஆல்ரெடி இருக்கற கேள்விய புடிங்க. எங்க அபார்ட்மென்ட் போர் தண்ணி ஏன் திடீர்னு உப்பு கரிக்குது? பெசன்ட் நகர் பீச்ல ஏன் ஆமை செத்து ஒதுங்குது? பள்ளிக்கரணைல குப்பை ஒரு பக்கம், பறவை ஒரு பக்கம், அது எப்படி 2022ல சர்வதேச அளவுல முக்கியமான ஈரநிலம்னு ராம்சர் பட்டியல்ல வந்துச்சு?

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாடி சென்னைலயே யாராவது ஒருத்தர் வருஷக்கணக்கா உக்காந்து வேலை பாத்துட்டு இருப்பாங்க. கிண்டில ஐஐடி பக்கத்துல ஆரம்பிச்சு ஒரு ரவுண்டு வாங்க, அடையார்ல தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணில கணித அறிவியல் நிறுவனமும் சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையும், பள்ளிக்கரணைல கடல் தொழில்நுட்ப நிறுவனம், சிறுசேரில கணிதத்துக்குன்னே ஒரு கல்லூரி. இத்தன இடம் இருக்கற ஊர்ல ஆள் கெடைக்கலன்னு சொல்ல முடியாது. நம்ம டெய்லி அந்த காம்பவுண்டு சுவத்த தாண்டி போறோம், உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம.

ஆராய்ச்சியாளருக்கு மெயில் அனுப்பும்போது சுருக்கமா மூணு விஷயம் எழுதுங்க: எந்த கேள்வி, எவ்ளோ நேரம் வேணும், வெளிய போறதுக்கு முன்னாடி தகவல் சரியான்னு அவங்க கிட்ட காட்டுவீங்களா. இந்த மூணாவது வரிய சேத்ததுக்கு அப்பறம்தான் எனக்கு பதிலே வர ஆரம்பிச்சுது. நெறைய பேருக்கு முன்னாடி யாரோ அவங்க சொன்னத திரிச்சு போட்ட அனுபவம் இருக்கும், அந்த பயம் நியாயமானது. அரசு நிறுவனம்னா மேலதிகாரி பெர்மிஷன் வேணும்னு சொல்வாங்க, அதுக்கு வாரக்கணக்குல ஆகலாம், அதனால ஒரே நேரத்துல மூணு நாலு பேர கேட்டு வைங்க.

மூணாவது: பேப்பர படிங்க, முழுசா

பேட்டிக்கு முன்னாடி அவங்க எழுதின பேப்பர்ல ஒண்ணையாவது படிச்சிருக்கணும். முன்னுரை படிங்க, படங்கள பாருங்க, கடைசில வர்ற குறைபாடுகள் பகுதிய கண்டிப்பா படிங்க. அங்கதான் அவங்களே ஒத்துக்கற விஷயம் இருக்கும், எத்தன பேர வெச்சு பண்ணாங்க, எலியா மனுஷனா, இன்னும் என்ன நிச்சயமா தெரியல, எல்லாம். யாரு பணம் குடுத்தாங்கன்னும் பாருங்க, ஒரு கம்பெனி பணத்துல நடந்த ஆராய்ச்சின்னா அத எபிசோடுல சொல்லிடுங்க, கேக்கறவங்களுக்கு அது தெரியணும். இன்னும் அச்சாகாத ரிசல்ட்ட பத்தி அவங்க பேச தயங்கினா வற்புறுத்தாதீங்க, வெளிய வந்தப்பறம் வர்றேன்னு சொல்லிடுங்க.

நம்பர் எல்லாத்தையும் அப்பவே மாத்தி வெச்சுக்கோங்க. இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா காதுல கேக்கும்போது நம்பர் நிக்கவே நிக்காது. பத்து லட்சத்துல ஒரு பங்குன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் தோணாது. 12,000 லிட்டர் தண்ணி லாரில 12 மில்லி, அதாவது சின்ன ஸ்பூன்ல ரெண்டரை ஸ்பூன் அளவுன்னு சொல்லுங்க, சென்னைக்காரங்களுக்கு லாரி கண்ணு முன்னாடி வந்து நிக்கும். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், இந்த மாத்திரை ஆபத்த 50 சதவீதம் குறைக்குதுன்னு படிச்சா உடனே அப்படியே சொல்லிடாதீங்க. ஆயிரம் பேர்ல ரெண்டு பேருக்கு வந்தது ஒருத்தருக்குன்னு குறைஞ்சாலும் அது 50 சதவீதம்தான், ஆயிரத்துல ஐநூறு பேருக்கு வந்தது இருநூத்தம்பதா குறைஞ்சாலும் 50 சதவீதம்தான். எத்தன பேர்ல எத்தன பேருன்னு சொல்லாம சதவீதம் மட்டும் சொல்றது, தெரியாம சொன்னா கூட, கேக்கறவங்கள ஏமாத்தற மாதிரிதான்.

நாலாவது: பேட்டி

உங்க ஆராய்ச்சி என்னன்னு கேட்டீங்கன்னா போச்சு. மேடைல பேசற தமிழும் பாதி இங்கிலீஷுமா ஒரு பாரா ஒப்பிப்பாங்க. நிலத்தடி தண்ணி பத்தி ஆராய்ச்சி பண்ற ஒரு மேடம் கிட்ட நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், பத்து நிமிஷம் ஒண்ணுமே உபயோகமா வரல, அவங்களுக்கும் கஷ்டமா இருந்துச்சு. அப்பறம் சும்மா கேட்டேன், "மேடம், நேத்து ஃபீல்டுக்கு போனீங்கல்ல, காலைல போய் மொத வேலையா என்ன பண்ணீங்க?"

அவங்க முகமே மாறிடுச்சு. "திருவான்மியூர்ல ஒரு வீட்டு கேட்ட தட்டினேன்பா. அந்த அம்மா என்னைய பாத்து மெட்ரோ வாட்டரா, வரி கட்டியாச்சேன்னு சொல்லி கதவ சாத்த போனாங்க. இல்லம்மா, உங்க கிணத்துல தண்ணி எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு பாக்கணும், உப்பு எவ்ளோன்னு பாக்கணும், ரெண்டே நிமிஷம்னு சொன்னேன். ஒரு டேப்ப உள்ள விட்டு, தண்ணில பட்டதும் அளவ எழுதிக்கிட்டேன். அப்பறம் ஒரு டம்ளர் தண்ணி எடுத்து மீட்டர வெச்சேன், உப்பு ஜாஸ்தியா இருந்தா அந்த தண்ணில கரண்ட் சுலபமா பாயும், அத வெச்சுதான் கண்டுபிடிப்போம். அந்த அம்மா எட்டி பாத்துட்டு, ஏம்மா 2019ல வறண்டு போச்சே, அப்போ இது எவ்ளோ காட்டிருக்கும்னு கேட்டாங்க. எனக்கு வேண்டிய கேள்வியே அதுதான்பா."

எடிட் பண்ணும்போது எபிசோடோட முதல் ஒரு நிமிஷம் இதுதான் ஆச்சு. அதுக்கப்பறம் கடல் தண்ணி ஏன் நிலத்துக்குள்ள ஏறுது, நம்ம மேல இருந்து நல்ல தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச அது எப்படி உள்ள தள்ளுது, 2003ல மழைநீர் சேகரிப்ப கட்டாயமாக்குனதால என்ன பலன்னு எல்லாம் அவங்க சொன்னது ஜம்முனு ஒட்டிக்கிச்சு. அதனால என்ன கண்டுபிடிச்சீங்கங்கறத விட எப்படி கண்டுபிடிச்சீங்கன்னு கேளுங்க. கையால என்ன செஞ்சாங்க, எது தப்பா போச்சு, எந்த நாள் ரிசல்ட்ட பாத்து நம்பவே முடியல, இன்னும் எது புரியல. ஒரு முடிவ மட்டும் சொன்னா நம்பறதும் நம்பாததும் கேக்கறவங்க இஷ்டம், அதுக்கு எப்படி வந்தாங்கன்னு கூடவே நடந்து போனா அடுத்த தடவ வாட்ஸப்ல ஒரு புரளி வரும்போது இத யாரு, எப்படி அளந்தாங்கன்னு கேக்கற பழக்கம் வரும்.

வார்த்தை விஷயத்துல என் கருத்து இது: கேக்கறவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தை இங்கிலீஷா இருந்தா அதையே வெச்சுக்கோங்க. வைரஸ் வைரஸ்தான், ஆக்சிஜன் ஆக்சிஜன்தான். தெரியாத வார்த்தைன்னா தமிழ், இங்கிலீஷ் எதுவா இருந்தாலும் தெரியாததுதான், அதனால முதல்ல அது என்ன செய்யுதுன்னு சொல்லிட்டு அப்பறமா பேர சொல்லுங்க. கிருமின்னு பொதுவா சொல்றப்போ மட்டும் ஜாக்கிரதையா இருங்க, வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரே வார்த்தைய போட்டா, சளிக்கு ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யாதுன்னு பின்னாடி புரிய வைக்கவே முடியாது. ஊர்ல ஏற்கனவே இருக்கற வார்த்தையும் வாங்கிக்கோங்க, கடல பத்தி பேசறீங்கன்னா மீனவர்கள் காத்துக்கு வெச்சிருக்கற வாடை, கொண்டல், கச்சான்ங்கற பேர் எல்லாம் எந்த பாடப்புத்தகத்துக்கும் குறைஞ்சது இல்ல, அவங்களையும் அதே எபிசோடுல பேச விடுங்க. விஞ்ஞானி மட்டும்தான் பேசணும்னு ஒண்ணும் இல்ல.

நோயாளி யாரையாவது பேட்டி எடுக்கறதா இருந்தா பேரு, ஊரு, குரல் எது வெளிய வரலாம்னு ரெக்கார்டிங்க்கு முன்னாடியும் கேளுங்க, எடிட் முடிஞ்சப்பறமும் ஒரு தடவ கேளுங்க. வேண்டாம்னு மனசு மாறினா எடுத்துடணும். மருத்துவ நிறுவனம் வழியா போறீங்கன்னா அவங்க நெறிமுறைக் குழு என்ன சொல்லுதுன்னு முன்னாடியே கேட்டுக்கணும்.

அஞ்சாவது: ரெக்கார்டிங், சென்னை சத்தத்தோட

மைக்குக்கு ரொம்ப செலவு பண்ணாதீங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல வயரோட வர்ற ஒரு சாதாரண காலர் மைக் போன்ல மாட்டினாலே ஆரம்பத்துக்கு போதும். கொஞ்சம் பணம் சேந்ததும் டைனமிக் மைக் ஒண்ணு வாங்குங்க, கண்டென்சர் மைக் வேண்டாம், அது ரொம்ப துல்லியம், அதனாலயே பக்கத்து வீட்டு குக்கர் விசிலையும் சேத்து புடிக்கும். டைனமிக் மைக்க வாய்க்கு கிட்ட வெச்சு பேசினா வெளி சத்தம் நல்லாவே அடங்கும்.

நம்ம ஊர்ல பெரிய வில்லன் ஃபேன்தான். ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் மூணையும் நிறுத்தணும், மே மாசம்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பிரேக் விட்டு போட்டுக்கோங்க, வர்ற விருந்தாளிய வேர்க்க விட்டு பேச வைக்கறது நியாயம் இல்ல. நிறுத்தின ஃப்ரிட்ஜ மறுபடியும் போட மறந்துடுவோம், அதுக்கு ஒரு வழி இருக்கு, வண்டி சாவிய ஃப்ரிட்ஜ்க்குள்ள வெச்சிடுங்க. ரூம்ல எதிரொலி வந்தா புடவை தொங்கற பீரோவ தெறந்து வெச்சு அது முன்னாடி உக்காந்து பேசுங்க, துணி சத்தத்த நல்லா உறிஞ்சிக்கும். விடியக்காலைல ரெக்கார்ட் பண்ணா வண்டி சத்தம் கம்மி, ஆனா மார்கழில அந்த நேரம் கோயில் ஸ்பீக்கர் ஆரம்பிச்சிடும், அப்போ மத்தியானம் ரெண்டு மணிக்கு மாத்திக்கோங்க.

மைக்க வாய்க்கு நேரா வெக்காம கொஞ்சம் கன்னம் பக்கமா, நாலஞ்சு விரல்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள வைங்க. ஏன்னா அறிவியல் தமிழ்ல பகர வார்த்தை எக்கச்சக்கம், பாக்டீரியா, பரிசோதனை, புரதம், புவி வெப்பம்னு ஒவ்வொரு ப வுக்கும் மைக்ல காத்து டப்புனு அடிக்கும். சத்த அளவு உச்சத்துல மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிக்கற மாதிரி வைங்க, பூஜ்யத்த தொட்டா கிழிஞ்சிடும், அப்பறம் சரி பண்ணவே முடியாது. பேட்டி முடிஞ்சதும் யாரும் பேசாம அந்த ரூம் அமைதிய ஒரு முப்பது செகண்டு ரெக்கார்ட் பண்ணுங்க, எடிட்ல வெட்டின இடத்துல ஒட்டறதுக்கு அது வேணும்.

போன்ல பண்றீங்கன்னா ஏர்ப்ளேன் மோட். இத நான் அனுபவிச்சு சொல்றேன். மூணு மாசம் காத்திருந்து கெடைச்ச ஒரு பேட்டி, அம்பது நிமிஷம் அவரு மனசு விட்டு பேசினாரு, வீட்டுக்கு வந்து பாத்தா பதினோராவது நிமிஷத்துல ஒரு கால் வந்து ரெக்கார்டிங் நின்னு போயிருக்கு. மறுபடி கேட்டப்போ அவரு ஒத்துக்கிட்டாரு, பெரிய மனசு, ஆனா முதல் தடவ அவரு குரல் தழுதழுத்து சொன்ன ஒரு இடம் ரெண்டாவது தடவ வரவே இல்ல. அதுல இருந்து ரெண்டு கருவில ரெக்கார்ட் பண்ணாம நான் எந்த பேட்டியும் எடுக்கறதில்ல. வெளியூர்ல இருக்கறவங்கன்னா கால்ல பேசிக்கிட்டே அவங்கவங்க போன்ல அவங்கவங்க குரல தனியா ரெக்கார்ட் பண்ணி அனுப்ப சொல்லுங்க, வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்ப சொல்லணும், இல்லன்னா தரம் குறைஞ்சிடும்.

முடிஞ்சா அந்த இடத்து சத்தத்தையும் புடிங்க. ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் ராத்திரி நம்ம பீச்ல பங்குனி ஆமை முட்டை போட வரும், 1988ல இருந்து ஸ்டூடண்ட்ஸ் குழு ஒண்ணு அந்த முட்டைங்கள எடுத்து பத்திரமா பாதுகாப்பான இடத்துல புதைச்சு வெக்கறாங்க. அவங்களோட ஒரு ராத்திரி நடந்து பாருங்க, ஈர மண்ணுல செருப்பில்லாத கால் சத்தம், அலை, திடீர்னு ஒருத்தர் டார்ச்ச அணைச்சிட்டு "இங்க இங்க, தடம் போகுது பாருங்க"ன்னு கிசுகிசுக்கறது. இத எந்த ஸ்டூடியோலயும் உருவாக்க முடியாது.

ஆறாவது: வெட்டறதும் சரி பாக்கறதும்

எடிட்டுக்கு ஆடாசிட்டி போதும், ஃப்ரீ. ஒரு மணி நேர பேட்டிய இருபது நிமிஷத்துக்கு கொண்டு வாங்க, சைதாப்பேட்டைல இருந்து பாரிஸ் கார்னர் போற நேரத்துக்குள்ள முடிஞ்சா நல்லது. 80 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்கறத வெட்டினா வண்டி உறுமல் கொஞ்சம் போகும். மொத்த சத்தத்த ஸ்டீரியோன்னா மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (மொத்தமா காதுக்கு எவ்ளோ சத்தமா கேக்குதுங்கறதுக்கான அளவு), மோனோன்னா மைனஸ் 19 பக்கம் கொண்டு வாங்க, அப்போதான் கேக்கறவங்க வால்யூம ஏத்தி எறக்கிக்கிட்டே இருக்க மாட்டாங்க. பேச்சுக்கு மோனோ எம்பி3, 96 கேபிபிஎஸ் போதும், இருபது நிமிஷம் 15 எம்பிக்குள்ள அடங்கும், டேட்டா கம்மியா இருக்கறவங்களுக்கும் சுமை இல்ல. சினிமா பாட்ட பின்னணில போடாதீங்க, காப்புரிமை பிரச்சனை வரும், மிருதங்கமோ பறையோ வாசிக்க தெரிஞ்ச ஃபிரெண்டு ஒருத்தர பத்து செகண்டு வாசிக்க சொல்லி அவங்க பேர போடுங்க.

தகவல் சரியான்னு ஆராய்ச்சியாளர் கிட்ட அனுப்பும்போது அவங்க குரல் வர்ற பகுதியும், நான் எழுதின விளக்கமும் ரெண்டும் அனுப்புவேன். தப்பு இருந்தா திருத்துவேன், ஆனா அவங்க பேச்ச அழகு படுத்த சொன்னா மெதுவா மறுத்துடுவேன், அந்த வீட்டு தமிழ்தான் எபிசோடோட உயிர். அப்படியும் தப்பு வரும். ஆமை எபிசோடுல மண்ணு சூடு ஜாஸ்தியானா ஆண் குஞ்சு ஜாஸ்தி பொறக்கும்னு நான் மாத்தி சொல்லிட்டேன், உண்மைல சூட்டுக்கு பெண் குஞ்சுதான் ஜாஸ்தி. ஒன்பதாங்கிளாஸ் படிக்கற ஒரு பொண்ணு வாய்ஸ் மெசேஜ் போட்டு "அக்கா, எங்க மிஸ் வேற மாதிரி சொன்னாங்க"ன்னு கேட்டா. அன்னைக்கே அந்த பகுதிய மாத்தி ஏத்தினேன், அடுத்த எபிசோடோட ஆரம்பத்துல தப்ப சொல்லி அந்த பொண்ணுக்கு நன்றி சொன்னேன். தப்ப சத்தமில்லாம மாத்தாதீங்க. அறிவியல் தன்னைத்தானே எப்படி திருத்திக்குதுன்னு காட்ட இத விட நல்ல சந்தர்ப்பம் கெடைக்காது.

ஏழாவது: ஜனங்க இருக்கற இடத்துக்கு கொண்டு போங்க

ஏதாவது ஒரு ஹோஸ்டிங் தளத்துல ஏத்தி, அது குடுக்கற ஆர்எஸ்எஸ் ஃபீட, அதாவது புது எபிசோடு வந்தா ஆப்புங்களுக்கு தானா தெரிய வெக்கற லிங்க்க வெச்சு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் ரெண்டுலயும் பதிவு பண்ணுங்க, கவர் படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரமா இருக்கட்டும். இது ஒரு மத்தியான வேலை. நம்ம ஆளுங்க பெரும்பாலும் இருக்கறது யூடியூப்லயும் வாட்ஸப்லயும்தான், அதனால யூடியூப்ல ஒரு படத்தோட போடுங்க, வாட்ஸப்புக்கு ஒரு நிமிஷ துண்டு ஒண்ணு தனியா வெட்டுங்க. அந்த துண்டுல பதில் இருக்க கூடாது, கேள்வி இருக்கணும். முழுசா தமிழ்ல எழுத்து வடிவமும் போடுங்க, காது கேக்காதவங்களுக்கு அது ஒண்ணுதான் வழி, தேடறவங்களுக்கும் கெடைக்கும்.

ஆன்லைனோட நிறுத்திடாதீங்க, நான் ரொம்ப ஆசையா சொல்ற ஸ்டெப் இதுதான். அண்ணா யுனிவர்சிட்டி 90.4 மாதிரி கம்யூனிட்டி ரேடியோவுக்கு குடுத்து பாருங்க. 1980ல இருந்து தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இருக்கு, துளிர்னு பசங்களுக்கு பத்திரிகை எல்லாம் நடத்தறவங்க, உள்ளூர் கிளைக்காரங்க கிட்ட பேசி ஒரு ஸ்கூல்லயோ லைப்ரரிலயோ உக்காந்து சேந்து கேக்கற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. பத்து நிமிஷம் போட்டு நிறுத்திடணும், மீதி நேரம் பேச்சு. அந்த ஆராய்ச்சியாளரும் அங்க உக்காந்திருந்தா பிரமாதம். ஒரு கவர்மெண்ட் ஸ்கூல்ல தண்ணி எபிசோட போட்டப்போ ஒரு பையன் எந்திரிச்சு, "மிஸ், எங்க வீட்டு அடிபம்பு தண்ணிய கொண்டு வந்தா அளந்து சொல்வீங்களா"ன்னு கேட்டான். அந்த மேடம் அடுத்த வாரம் மீட்டரோட வந்தாங்க, பசங்க பதினேழு பாட்டில் கொண்டு வந்திருந்தாங்க, அது எல்லாத்துலயும் தெரு பேரும் தேதியும் எழுதி ஒட்டிருந்தாங்க.

எட்டாவது: கணக்கு பாக்கறது

டவுன்லோடு எண்ணிக்கைய பாத்து சந்தோஷமும் படாதீங்க, சோர்ந்தும் போகாதீங்க. பொதுவா ஒரு நிமிஷ அளவு ஆடியோ எறங்கினாலே ஒரு டவுன்லோடுன்னு கணக்குல சேத்துக்கறாங்க, முழுசா கேட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. அதுக்கு பதிலா எந்த நிமிஷத்துல ஆளுங்க விட்டுட்டு போறாங்கன்னு காட்டற கிராஃப்ப பாருங்க. எனக்கு நாலு எபிசோடுல ஒரே மாதிரி மூணாவது நிமிஷத்துல விழுந்துச்சு, அங்க என்னன்னு பாத்தா விருந்தாளியோட பட்டம், பதவி, விருதுன்னு நான் நீளமா படிச்சிட்டு இருந்தேன். எடுத்துட்டேன், இப்போ அந்த விழல் இல்ல.

அதோட ஒரு நோட்டு போட்டு வர்ற கேள்விய எல்லாம் எழுதுங்க, தேதி, யாரு மாதிரி ஆளு, என்ன கேள்வி. மாசக் கடைசில அத ஆராய்ச்சியாளருக்கு அனுப்புங்க. ஒவ்வொரு எபிசோடு முடிவுலயும் ஒரு வாட்ஸப் நம்பர சொல்லி வாய்ஸ் மெசேஜா கேள்வி அனுப்ப சொல்லுங்க, டைப் பண்ண கூச்சப்படறவங்க கூட பேசி அனுப்புவாங்க. இந்த வேலைக்குன்னு தனி நம்பர் வாங்கிக்கோங்க, அப்போதான் ராத்திரி நிம்மதியா தூங்க முடியும்.

அப்படி வந்ததுல ஒண்ணு, சானடோரியம் ஸ்டேஷன் வெளிய பூ விக்கற ஒரு அம்மா, அவங்க பொண்ணு போன்ல இருந்து அனுப்பினது. பின்னாடி ட்ரெயின் வர்ற அறிவிப்பு கேக்குது. "வீட்லயே வெச்சு மருந்து குடுத்தாங்கன்னு சொன்னியேம்மா, அது சரி, அப்போ கூட படுத்துக்கிட்டிருந்த புள்ளைங்களுக்கு ஒட்டிக்கலியா? அத யாரும் பாக்கலியா?"

பாத்தாங்க. நான்தான் எபிசோடுல விட்டுட்டேன். அந்த மெட்ராஸ் ஆராய்ச்சியிலயே வீட்டு ஆளுங்களையும் அஞ்சு வருஷம் வரைக்கும் தொடர்ந்து பாத்திருக்காங்க, வீட்ல வைத்தியம் பாத்தவங்க குடும்பத்துல நோய் வந்தது, சானடோரியத்துல சேத்தவங்க குடும்பத்துல வந்தத விட ஜாஸ்தி இல்ல. மருந்து சரியா வேலை செய்ய ஆரம்பிச்சதும் பரப்பற தன்மை சீக்கிரமே குறைஞ்சிடும், ஒட்டறது பெரும்பாலும் நோய் இருக்குன்னே தெரியாம, மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்கற நாள்லதான். அதனாலதான் ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா உடனே போய் சளி டெஸ்ட் எடுங்கன்னு சொல்றாங்க. டிபி டாக்டர் ஒருத்தர் கிட்ட அந்த அம்மாவோட குரல அப்படியே போட்டு காட்டி, அவரு பதில ரெக்கார்ட் பண்ணேன். அடுத்த எபிசோடு அந்த அம்மா குரல்ல ஆரம்பிக்குது, ட்ரெயின் அறிவிப்போட.